இருநூற்றைம்பது மணிக்காரி

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, ராமேஸ்வரத்துக்கு ஏர்போர்ட் வரப்போகுதாமே. இனிமே நீ வீட்டிலேர்ந்தே வேலைக்குப் போயிட்டு வந்துரலாம்ல?"

2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில் அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து, ராமேஸ்வரம் தீவில் எங்கள் ஊரான தங்கச்சிமடத்தில் இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. மல்லிகை நாற்று விற்கும் மாமா கேட்டார். ஐஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை கேட்டார். "வரட்டும், பார்ப்போம்" என்று நழுவிவிடுவேன். ஏர்போர்ட் வருவது வேறு, எனக்கு வேலை வருவது வேறு என்று விளக்க ஆரம்பித்தால் மதியச் சோறு ஆறிவிடும்.

அதே வாரம் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். தென்னாப்பிரிக்காவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் முடித்து வந்து, இந்திய லைசென்ஸாக மாற்றிக்கொண்டிருக்கிறான். "மாத்தினதுக்கு அப்புறம் என்னக்கா?" என்றான். அத்தையிடம் நழுவலாம், இவனிடம் முடியாது. ஒரு மணி நேரம் பேசியும் பாதி விட்டுப்போனது. அந்தப் பாதிக்காகத்தான் இது.

முதலில் ஒன்று. நான் ஓட்டுவது நீங்கள் டிக்கெட் எடுத்து ஏறும் விமானம் இல்லை. வாடகைக்கு எடுக்கிற சின்ன விமானம், சார்ட்டர் என்பார்கள். பீச்கிராஃப்ட் கிங் ஏர் பி200. இரண்டு டர்போபிராப் இன்ஜின், ஏழெட்டுப் பேர் உட்காரலாம், ஆள், சாமான், எண்ணெய் எல்லாம் சேர்த்து 5,670 கிலோவுக்கு மேல் கிளம்பக் கூடாது. அதில் வலது பக்கத்து சீட், அதாவது கோ-பைலட் சீட், என்னுடையது. தொழிலதிபர்கள் வருவார்கள், கட்சிக்காரர்கள் வருவார்கள், கோயில் கோயிலாகப் போகும் குடும்பங்கள் வரும், சில ராத்திரிகளில் ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளி. பெரிய ஏர்லைன்களை விட்டுவிட்டால் மிச்சமிருக்கிற இந்த உலகத்தைத்தான் பொதுவாக ஜெனரல் ஏவியேஷன் என்கிறோம்.

ஆசை எங்கிருந்து வந்தது என்றால், உச்சிப்புளியிலிருந்து. அங்கே இருக்கும் கடற்படை விமானத்தளத்துக்கு 2009இல் ஐஎன்எஸ் பருந்து என்று பெயர் வைத்தார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. டார்னியர் விமானம் கடலோரமாகத் தாழ்ந்து போகும். அப்பா கடலுக்குப் போயிருக்கிற நாளாக இருந்தால் அம்மா அண்ணாந்து பார்த்து, "இது இந்நேரம் உங்கப்பாவைப் பாத்திருக்கும்" என்பார். கரையில் இருக்கும் எங்களுக்குத் தெரியாத அப்பாவை அதற்குத் தெரிகிறதே என்று பொறாமையாக இருக்கும். ஆசை என்றால் அவ்வளவுதான். கலாம் பிறந்த தீவு என்பதால் வந்த ஆசையா என்று பேட்டி எடுப்பதுபோலக் கேட்பவர்கள் உண்டு. அவரே விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவது ஆளாக வந்து, பைலட் ஆக முடியாமல் திரும்பியவர். எனக்கு வேலை கிடைக்காமல் இருந்த மாதங்களில் ஆளுக்கொரு தடவை அந்தக் கதையைச் சொல்லித் தேற்றினார்கள். பத்தாவது தடவை கேட்டபோது எரிச்சலே வந்துவிட்டது. அவர் ராக்கெட் பக்கம் போனார். எனக்கு ராக்கெட்டும் தெரியாதே.

அப்பாவுக்கு ஒரு விசைப்படகில் பாதிப் பங்கு. வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது, அம்மாவின் வளையல்கள் அதற்குப் பின்னாலேயே போயின. 2021 நவம்பரில் புளோரிடா போனேன். பதின்மூன்று மாதம், பெரும்பாலும் செஸ்னா 172. அந்த நாட்களைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது, அதனால் லைசென்ஸ் மாற்றப் போகிறவர்களுக்குத் தேவையான ஒரே ஒரு விஷயம் மட்டும்.

அமெரிக்கக் கணக்குப்படி, பிரைவேட் லைசென்ஸ் வாங்கிய பிறகு பக்கத்தில் ஆசிரியர் இருந்தாலும், விமானத்தை ஓட்டுவது நான் என்றால் அந்த நேரத்தை, பறந்த மணிக் கணக்கு எழுதும் லாக்புக்கில் 'பைலட் இன் கமாண்ட்', அதாவது விமானத்துக்குப் பொறுப்பான பைலட், என்று எழுதிக்கொள்ளலாம். இந்தியாவில் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் அது பாடம், கமாண்ட் இல்லை. இங்கே கமர்ஷியல் லைசென்ஸுக்கு மொத்தம் 200 மணி, அதில் 100 மணி கமாண்ட் வேண்டும். என் லாக்புக்கின் கடைசிப் பக்கத்தில் கமாண்ட் 141 என்று அழகாகக் கூட்டி எழுதியிருந்தேன். ஊருக்கு டிக்கெட் போட இரண்டு வாரம் இருக்கும்போது, கூடத் தங்கியிருந்த மலையாளி அக்கா அதை வாங்கி, பென்சிலால் ஆசிரியர் இருந்த பறப்புகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். மிஞ்சியது 86. இரவில் கமாண்டாக 5 மணியும், பத்து முறை ஏறி இறங்கியதும் வேண்டும். அதில் பாதியை நான் ஆசிரியரோடுதான் பறந்திருந்தேன்.

அம்மா, முடியும்வரை எடுப்பதில்லை என்று சத்தியம் செய்து வைத்திருந்த சீட்டைத் தள்ளி எடுத்துப் பணம் அனுப்பினார். பதினைந்து மணி தனியாகப் பறந்தேன். அந்தப் பதினைந்து மணியும் பக்கத்தில் பேச்சுத்துணை இல்லாமல் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு மேலே போய்வந்தது இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது, அது வேறு. கீழக்கரைத் தம்பிக்கு நான் சொன்ன முதல் விஷயம் இதுதான். எந்த நாட்டு லாக்புக்காக இருந்தாலும் அந்த நாட்டிலிருந்து கிளம்பும் முன்பே இந்தியக் கணக்கில் கூட்டிப் பார். இங்கே வந்து கூட்டினால் விலை வேறு.

2022 டிசம்பரில் ஊர் திரும்பினேன். அந்த மாதம்தான் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 1914இல் கட்டியது, அதற்கும் முடியவில்லை. ரயில் மண்டபத்தோடு நின்றுவிட, இரண்டு பெட்டிகளோடு இறங்கி, பஸ் பிடித்துக் கடலைத் தாண்டினேன். லைசென்ஸ் மாற்றும் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. ஒரு வண்டி கொண்டுபோய் விடும் இடத்தில் அடுத்த வண்டி நிற்காது.

மருத்துவப் பரிசோதனையில் முதல் அடி விழுந்தது. முதல் கட்டமான கிளாஸ் டூ முடித்து, பெங்களூரில் அடுத்த கட்டமான கிளாஸ் ஒன் போனேன். கண், காது, இதயம் எல்லாம் சரி. ஹீமோகுளோபின் குறைவு, தற்காலிகத் தகுதியின்மை. பறக்கிற பிள்ளைக்கு ரத்தம் இல்லையா என்று வீட்டில் ஒரே களேபரம். ராமநாதபுரம் சந்தையிலிருந்து அப்பா வாரம் மூன்று நாள் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கிவந்தார். முருங்கைக்கீரை, பேரீச்சை, மறுபடி சுவரொட்டி. கூடவே டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையும் இருந்தது. ஆனால் தேறியதற்கான பெருமை முழுவதும் சுவரொட்டிக்கே போனது.

எழுத்துத் தேர்வில் வான்சட்டம் ஒன்று, வழிகாணலும் வானிலையும் சேர்ந்த 'காம்போசிட்' ஒன்று. இரண்டிலும் 70 விழுக்காடு வேண்டும். வானிலையில் எனக்கு இருந்த தைரியம் புத்தகத்தால் வந்தது இல்லை. கச்சான் எப்போது எழும், கொண்டல் எப்போது திரும்பும், வாடை இறங்கினால் பாக் நீரிணை எப்படிக் கொதிக்கும் என்பதெல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சு. நான் படித்துக்கொண்டிருந்ததை அப்பா எட்டிப் பார்த்து, "240 டிகிரி காத்துன்னா என்ன?" என்றார். தென்மேற்கிலிருந்து வருவது என்றேன். "கச்சான்னு எழுத வேண்டியதுதானே" என்று போய்விட்டார்.

அப்புறம் ஆர்டிஆர். விமானத்தில் ரேடியோ பேசுவதற்கான தேர்வு. இது இல்லாமல் கமர்ஷியல் லைசென்ஸ் கிடையாது. அப்போது தொலைத்தொடர்புத் துறை நடத்தியது. புதிய வானூர்திச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின் அது விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ கைக்கு வந்துவிட்டது. எழுத்து எளிது. செய்முறையில்தான் கை நடுங்கும். எதிரே தேர்வாளர் கன்ட்ரோல் டவராக உட்கார்ந்துகொண்டு, கிளம்புவதிலிருந்து இறங்குவதுவரை பேசச் சொல்வார். நடுவில் இன்ஜினை நிறுத்துவார், ஆளுக்கு நெஞ்சுவலி வரவைப்பார். நாம் சரியான வார்த்தையை, சரியான வரிசையில் சொல்லவேண்டும். புளோரிடாவில் பேசிப் பழகிய வேகத்தில் பேசினேன். தோற்றேன். தவறு முழுக்க என்னுடையதுதான். அங்கே காற்றழுத்தத்தை அங்குலத்தில் கேட்டுப் பழகியவள், இங்கே ஹெக்டோபாஸ்கலில் கேட்டதும் ஒரு நொடி விழித்தேன். அந்த ஒரு நொடியில் மிச்சம் எல்லாம் கலைந்தது.

இரண்டாவது தடவைக்கு எனக்கு டவராக இருந்தது அப்பா. படகில் வைத்திருக்கும் விஎச்எஃப் செட்டில் முப்பது வருஷமாகப் பேசுகிறவர். கடலில் ஆபத்துக்கு 16ஆம் சேனல், வானத்தில் 121.5 மெகாஹெர்ட்ஸ். கூப்பிடும் வார்த்தை இரண்டுக்கும் ஒன்றே: மேடே, மூன்று முறை. அதனால் அவருக்கு எதையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, எண்களைத் தவிர. விமான ரேடியோவில் மூன்றை 'ட்ரீ' என்பார்கள், ஐந்தை 'ஃபைஃப்' என்பார்கள், ஒன்பதை 'நைனர்' என்பார்கள். கரகரப்பில் ஒன்று இன்னொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. அப்பாவுக்கு நைனர் எப்போதும் நயினார்தான். மாலையில் படகு ஓரமாக உட்கார்ந்து, தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, "ரன்வே ஜீரோ நயினார், காத்து சாந்தம், ஏறலாம்" என்பார். நான் சிரித்துவிடுவேன். "சிரிச்சா பெயிலு" என்பார் கண்டிப்பாக. அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியப்பா, "நயினார்கோவிலுக்கா ஏரோப்ளேன் விடுறீங்க?" என்று கேட்டது இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. இரண்டாவது தடவை தேறினேன். தேர்வு அறையில் ஒன்பது வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இதற்குள் நான் பெரிய தப்பு ஒன்று செய்திருந்தேன். ஆர்டிஆர் வருவதற்கு முன்பே பறக்கும் தேர்வுகளை முடித்துவிட்டேன். பகலில் ஒரு பொதுத் தேர்வு, இரவில் ஒன்று, பகலில் 250 கடல்மைல் தூரப் பறப்பு, இரவில் 120, கடைசியாகக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் ஐஆர் தேர்வு. வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் போய்த் தங்கி, விமானம் கிடைக்கும் நாளில் தேர்வாளர் இல்லாமல், இருவரும் கிடைக்கும் நாளில் மழை பெய்து, ஒரு வாரத்து வேலைக்கு இரண்டு மாத ஹாஸ்டல் வாடகை கொடுத்தேன். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் அந்தத் தேர்வுகள் நடந்திருக்க வேண்டும். ஆர்டிஆர் தோற்றதில் நாள் நழுவி, முதலில் பறந்த இரண்டு தேர்வுகள் காலாவதி ஆயின. மறுபடி பெட்டி, மறுபடி ஹாஸ்டல், மறுபடி பணம். ஆர்டிஆர் முதலில், மருத்துவம் கையில், வெளிநாட்டு லைசென்ஸ் உண்மைதான் என்ற கடிதம் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் அமெரிக்க விமானத் துறை அலுவலகத்திலிருந்து வந்தபின், கடைசியாகத்தான் விமானத்தில் ஏறவேண்டும். நான் அவசரத்தில் தலைகீழாகச் செய்தேன்.

இன்னொன்று, பழக்கத்தைப் பற்றி. புளோரிடாவில் கோபுரம் இல்லாத ஒரு சின்ன ஏர்ஃபீல்டிலிருந்து, ரேடியோவில் "கிளம்புறேன்" என்று பொதுவாக அறிவித்துவிட்டு ஏறிப் போய்க்கொண்டே இருந்தவள் நான். இங்கே பயிற்சிப் பறப்பென்றாலும் பிளைட் பிளான் கொடுத்து, அதற்கு விமானத் தகவல் மையத்தின் எஃப்ஐசி எண்ணும் ஏடிசி எண்ணும் வாங்கவேண்டும். ஏடிசி என்றால் வான்பாதுகாப்பு அனுமதி. தமிழில் எழுதினால் கன்ட்ரோல் டவர்காரரும் ஏடிசி, இதுவும் ஏடிசி. என்ன செய்ய? எங்கள் கடற்கரையைப் போலக் கடற்படை ஒரு பக்கம், அடுத்த நாட்டு வான்வெளி ஒரு பக்கம் என்று இருக்கும் இடங்களில் இது ஏன் என்று கேட்கத் தேவையில்லை. கடலுக்குப் போக டோக்கன் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது புதுசும் இல்லை.

2023 நவம்பரில் இந்திய லைசென்ஸ் வந்தது. அம்மா கேசரி கிண்டினார். சரி, வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காலையில் எழுந்து எங்கே போவது?

ஏர்லைனுக்குப் போகலாமே என்பார்கள். பெரிய ஜெட்டுக்குத் தனியாக 'டைப் ரேட்டிங்', அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி, வேண்டும், அதற்கு இன்னொரு வீட்டுப் பத்திரம் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே வீடு. வேலைக்கு எடுத்துவிட்டுச் சொல்லிக்கொடுக்கும் இடங்களுக்கு விண்ணப்பித்தேன். என்னைப்போல 250 மணி வைத்திருந்தவர்கள் வரிசை எங்கள் மீன்பிடித் துறைமுக டோக்கன் வரிசையைவிட நீளம். ஆசிரியராகலாம், ஆனால் அந்த ரேட்டிங்குக்கும் பணம் கட்டிப் பறக்கவேண்டும். மிஞ்சியது சார்ட்டர்.

டிஜிசிஏ இணையதளத்தில், அட்டவணை இல்லாமல் விமானம் இயக்க அனுமதி பெற்ற கம்பெனிகளின் பட்டியல் இருக்கிறது. எந்தக் கம்பெனியிடம் என்ன விமானம் என்பதும் அதிலேயே இருக்கிறது. அதை ராமேஸ்வரத்தில் பிரிண்ட் எடுத்து, ஹெலிகாப்டர் மட்டும் வைத்திருப்பவர்களை அடித்து, பெரிய ஜெட் மட்டும் வைத்திருப்பவர்களை அடித்து, மிச்சத்தில் 63 இடங்களுக்கு எழுதினேன். நான்கு பதில் வந்தது. மூன்று 'பிறகு சொல்கிறோம்'. நான்காவது ஒரு நேர்காணல்.

அந்த நேர்காணலில் விமானத்தைப் பற்றி இரண்டே கேள்வி. அப்புறம், "கல்யாணம் எப்போ?" என்றார் எதிரே இருந்தவர். வெளியூரில் ராத்திரி தங்க வேண்டி வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்றார். எங்கள் தெருவில் ஆண்கள் எல்லோரும் ராத்திரி கடலில்தான் இருப்பார்கள், வீட்டில் பழக்கம்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை.

இடையில் ஒரு ஏஜென்ட். எட்டு லட்சம் கட்டினால் வலது சீட் நிச்சயம் என்றார், போனில் மட்டும், எழுத்தில் எதுவும் இல்லாமல். கட்டலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கிக்கு மாதா மாதம் போகவேண்டிய தவணை அப்படி யோசிக்க வைக்கும். போதாததற்கு ஐஆர் ஓராண்டுதான் செல்லும். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் அது தீரும், புதுப்பிக்கப் பறக்கவேண்டும், பறக்கப் பணம் வேண்டும். அப்பாதான், "பாடு இல்லாத இடத்துல வலையை வித்து டீசல் போடாத" என்றார். பாடு என்றால் எங்கள் கடல் பேச்சில் மீன் கிடைப்பது. விட்டேன்.

பிப்ரவரியில் ஹைதராபாத் பேகம்பேட் போனேன். 2008இல் ஷம்ஷாபாத் விமான நிலையம் திறந்தபின் பெரிய ஏர்லைன்கள் அங்கே போய்விட்டன. பேகம்பேட்டில் இப்போது சின்ன விமானங்கள், அரசு விமானங்கள், பயிற்சி. கேட்டுக்கு உள்ளே பாஸ் இல்லாமல் விடமாட்டார்கள். பாஸ் கொடுக்க உள்ளே தெரிந்தவர் வேண்டும். தெரிந்தவர் இருந்தால் நான் ஏன் கேட்டில் நிற்கிறேன்? மூன்று நாள் எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பைலட்டுகள் யாரும் அங்கே டீ குடிப்பதில்லை, காரில் வந்து காரில் போய்விடுகிறார்கள். மெக்கானிக்குகள் குடிக்கிறார்கள். எண்ணெய் பவுசர் ஓட்டுகிறவர்கள் குடிக்கிறார்கள். மூன்றாம் நாள் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிரீஸ் கையோடு நின்றவர் திரும்பி, "எந்த ஊரும்மா?" என்றார் தமிழில். பரமக்குடிக்காரர். இருபது வருஷமாக விமானப் பராமரிப்பு இன்ஜினியர். தங்கச்சிமடம் என்றதும், "உங்க ஊர் மல்லி நாத்துதான் எங்க வீட்டு வாசல்ல இருக்கு" என்றார்.

அவர் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. அவர் கையில் அது இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: எந்த ஹேங்கரில் எந்தக் கோ-பைலட் போன வாரம் ஏர்லைனுக்குப் போனார் என்பதை. "பைலட் வேலைன்னு கேட்டா இப்ப இல்லன்னுதான் சொல்வாங்க. ஆப்பரேஷன்ஸ்ல ஆள் இல்லாம கெடக்கு, அதைக் கேளு" என்றார். பாஸுக்கும் சொல்லிவிட்டார்.

ஆப்பரேஷன்ஸ் என்றால் மேஜை. சம்பளம் 25,000. பிளைட் பிளான் போடுவது, எடை கணக்குப் பார்ப்பது, சின்ன விமான நிலையங்கள் எத்தனை மணிக்கு மூடும் என்று பார்ப்பது, எண்ணெய்க்குச் சொல்வது, பைலட்டுக்கு ஹோட்டல், பயணிக்கு இளநீர். கமர்ஷியல் லைசென்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு இட்லி பார்சலில் சாம்பார் தனியா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் மாதம் ராத்திரியில் அழுதேன். இரண்டாம் மாதம் அழ நேரம் இல்லை, ஏனென்றால் தேர்தல் வந்துவிட்டது.

2024 மக்களவைத் தேர்தல். ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டம். நாட்டில் பறக்கக்கூடிய சின்ன விமானம் எதுவும் தரையில் சும்மா நிற்காத காலம். எங்கள் கடற்கரையில் அதற்கு நேரெதிர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில். வீட்டுக்குப் போன் செய்தால் அப்பா, "இங்க எல்லாம் ஓய்வு, உனக்குத்தான் சீசன்" என்பார். ஒரே நாளில் மூன்று மாநிலம், நான்கு இறக்கம், கூட்டம் முடியத் தாமதமானால் அடுத்த ஊரில் விளக்கில்லாத ரன்வேயில் சூரியன் மறையும் முன் இறங்க முடியுமா என்ற கணக்கு. பறப்பதற்குப் புத்தகம் போதும். சார்ட்டர் நடத்துவதற்கு என்ன வேண்டும் என்பதை அந்த மேஜையில்தான் கற்றேன். நான் போட்ட கணக்கு சரியாக இருக்கிறது என்று இரண்டு கேப்டன்கள் கவனித்தார்கள். கம்பெனி என்னைத் தேடிப் பிடித்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது, இன்னொரு கோ-பைலட்டும் ஏர்லைனுக்குப் போனார், நான் அடுத்த அறையில் இருந்தேன்.

டைப் பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு மூன்று ஆண்டு பாண்ட். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேட்டேன், இதையும் தம்பிக்குச் சொன்னேன். நடுவில் விலகினால் எவ்வளவு கட்டவேண்டும், வருஷத்துக்கு உத்தேசமாக எத்தனை மணி பறப்பேன், ஒரு பைலட்டே ஓட்டலாம் என்று சான்று பெற்ற இந்த விமானத்தில் என் மணிகள் லாக்புக்கில் எந்தப் பத்தியில் ஏறும். மூன்றாவதைக் கேட்டதும் எதிரே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த படியான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1,500 மணி வேண்டும். அதை நோக்கி ஒவ்வொரு மணியாக எண்ணும் வேலையில், பத்தி மாறிவிட்டால் வருஷம் போய்விடும். புளோரிடாவில் பென்சில் பிடித்த அக்காவுக்கு நன்றி.

2025 பிப்ரவரியிலிருந்து பறக்கிறேன். ரோஸ்டர் என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு வரும் போன்தான் உண்மையான ரோஸ்டர். பாதி வேலை காத்திருப்பது. பயணி இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்று போவார், ஏழு மணி நேரம் கழித்து வருவார். தூண்டில் போட்டவர்களுக்கு இந்த வேலை பொருந்தும்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதுரைக்கு ஒரு பயணம் வந்தது. வடக்கிலிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர். மதுரையில் இறங்கி, காரில் ராமேஸ்வரம், அக்னி தீர்த்தம், மாலைக்குள் திரும்பவேண்டும். மதுரை ரன்வே 09/27, கிழக்கு மேற்காகக் கிடக்கும். கச்சான் மூக்குக்கு நேரே அடித்தது. காற்றைப் படித்துச் சொன்னபோது டவரில் 'நைனர்' இல்லை, நல்லவேளை. இறங்கியதும் அந்த வீட்டுப் பெரியவர், ராமேஸ்வரம் எவ்வளவு தூரம் என்று என்னிடம் கேட்டார். 170 கிலோமீட்டர் பக்கம், பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், போலீஸ் விரட்டுவார்கள், ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் அங்கிருந்தே தெரியும் என்றேன். இவ்வளவு விவரமாகச் சொல்கிறாளே என்று ஆச்சரியமாகப் பார்த்தார். அவர்கள் எங்கள் வீட்டு வாசல் வழியாகப் போகப்போகிறார்கள். நான் விமானத்தோடு இருக்கவேண்டும்.

அன்றைக்கு விசைப்படகுகளுக்கு ஓய்வு நாள். அப்பா விடியற்காலை பஸ்ஸிலேயே கிளம்பி, தூக்குவாளியோடு விமான நிலைய வாசலில் நின்றார். கேப்டன் அரைமணி நேரம் போய்விட்டு வா என்றார். உள்ளே கூட்டிப்போக முடியாது. வேலி ஓரமாக நடந்தால் ஓரிடத்தில் எங்கள் விமானத்தின் டி வடிவ வால் மட்டும் தெரிந்தது. அப்பா நெற்றியில் கையை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"மணிக்கு எத்தனை லிட்டரு?"

"350 பக்கம்."

"அடி ஆத்தீ. நம்ம போட்டு அதுல ஒரு நாள் ஓடி வந்துரும்." கொஞ்சம் யோசித்தார். "இறக்கி விட்டுட்டு ஆள் இல்லாம வெறும் வண்டியா திரும்புற நாள் உண்டா?"

"நிறைய உண்டுப்பா."

"அந்த டீசலு யார் காசு?"

"வாடகைக்கு எடுத்தவங்க காசுதான்."

"பாடு இல்லாமத் திரும்பினாலும் டீசல் காசு வந்துருதா?" என்று திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் வேலியடி நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். விளமீன் குழம்பு. பாதி சாப்பிடும்போதே ஆப்பரேஷன்ஸ் மேஜையிலிருந்து போன் வந்தது. அக்னி தீர்த்தத்தில் கூட்டம் அதிகமாம், குடும்பம் ராத்திரிதான் திரும்புவார்களாம்.

"அப்ப அவசரமில்ல, முள்ளைப் பாத்து எடு" என்றார் அப்பா.